ஸ்பீக்கர் காந்தம்

எங்கள் ஸ்கேன் சென்டரில் புதிதாக வேலைக்குச் சேர்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உள்ளே இருக்கிற காந்தம் அணைவதே இல்லை. கரண்ட் போனாலும் இருக்கும், கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போனாலும் இருக்கும், பொங்கலுக்கு மூன்று நாள் கதவைச் சாத்தினாலும் இருக்கும். கேட்கிறவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறுநாளே பினாயில் ஊற்றிய இரும்பு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்ப்பார்கள். சத்தம் நின்றால் மெஷின் நின்றுவிட்டது என்பது ஃபேன், மிக்ஸி, மோட்டார் என்று பழகியவர்களின் கணக்கு. எம்.ஆர்.ஐ. மெஷினிடம் அந்தக் கணக்கு செல்லாது.

உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தில் அது ஊறிக் கிடக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்குள் ஓடுகிற மின்சாரத்துக்குத் தடை என்பதே இல்லாமல் போகிறது. ஒருமுறை ஓடவிட்டால் போதும், வருடக்கணக்கில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். குளிர் குறையாமல் காக்கிற பம்பு மட்டும் ‘சிக்… சிக்…’ என்று இரவும் பகலும் அடித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தச் சத்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறேன். முன்பெல்லாம் அது காதிலேயே விழாது. இப்போது விழுகிறது.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் போகிற சாலையில். பெரிய இரும்பு பக்கத்தில் நகர்ந்தால் உள்ளே காந்தப்புலம் கலங்கும், படம் நெளியும். அதற்காகவே சாலைப்பக்கச் சுவரில் கனமான இரும்புத் தகடு பதித்திருக்கிறார்கள். வெளியே போகிற லாரியை உள்ளே தெரியாமல் தடுக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. பாதி எள் அளவு இருந்த ஒரு சில்லைத் தடுக்கத் தெரியவில்லை. எங்களுக்கு என்ன எங்களுக்கு, எனக்குத்தான்.

ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் ஒரு படிவத்தைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்பது என் வேலை. இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, எலும்பில் பிளேட் உண்டா, உடம்பில் எங்காவது உலோகம் உண்டா. பெண்கள் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுப்பார்கள். ஆண்கள் அரைஞாண் கயிற்றுத் தாயத்தை முணுமுணுத்துக்கொண்டே அவிழ்ப்பார்கள். நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “கெளுத்தி முள்ளு குத்தி முறிஞ்சு உள்ளாறயே கீதுமா, அதும் கணக்கா?” என்று கேட்டார். முள்ளுக்கே அவ்வளவு யோசனை. ஆனால் பட்டறையில் இருபது வருடம் கிரைண்டிங் மெஷின் பிடித்தவர்கள் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. “ஒண்ணும் கெடையாதுமா” என்பார்கள். பொய் சொல்வதில்லை. கண்ணில் இரும்புத்தூள் விழுவது அவர்களுக்கு வேர்ப்பது மாதிரி. அதைப் போய் உடம்புக்குள் உலோகம் போன கதையாக யார் சொல்வார்கள்?

என் அண்ணனும் பட்டறைக்காரன். அப்பா போன பிறகு, பதினெட்டு வயதில், மணலிப் பக்கம் டேங்கர் லாரிக்கு இரும்புத் தொட்டி கட்டுகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு. தூள் விழாமல் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியும் பட்டறையில் இருந்தது. “அத மாட்டுனா வேர்த்துகினு ஒரு மண்ணும் தெரில” என்று எல்லாரும் அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது வாரத்தில் இரண்டு நாளாவது கண் சிவந்திருக்கும்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் அதற்கென்று டாக்டரிடம் போகிற வழக்கம் இல்லை. ஸ்பீக்கர் காந்தம் இருந்தது. பழைய டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய, நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு வட்டம். அதைத் துவைத்த துணியில் சுற்றி, ஆளை வெளிச்சம் பார்க்க உட்காரவைத்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு காந்தத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். தொடக்கூடாது, ஆனால் தொடுகிற தூரம். கண்ணீரில் மிதக்கிற தூள் ஓர் ஓரமாக ஒதுங்கும், பிறகு துள்ளித் துணியில் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கை ஆடாது. அதனால் அண்ணனுக்கு மட்டும் செய்துகொண்டிருந்த என்னிடம் அவன் பட்டறை ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என்றைக்காவது தூள் விழாத கண் வந்துவிட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒருநாள் அண்ணன் மத்தியானமே வந்துவிட்டான். உளியைச் சுத்தியலால் அடித்தபோது ஏதோ தெறித்து இடது கண்ணில் பட்டதாகச் சொன்னான். காந்தத்தைக் கொண்டுபோனேன். இரண்டு மூன்று தூள் துள்ளி வந்தது. அவன் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஏய், உள்ளாற இன்னாவோ இஸ்க்குதுடி.”

“ஆமா, ஒன் மூளைய இழுக்குதா இருக்கும்” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் சிவப்பு குறைந்தது. அதற்கு அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனான். நான் அதை மறந்தேன். இருபத்தைந்து வருடம் மறந்தேன்.

அண்ணன் பிடித்த கிரைண்டிங் மெஷின்தான் என்னை டிப்ளமோ வரை படிக்கவைத்தது. அங்கே எம்.ஆர்.ஐ. பாடம் நடந்தபோது, வகுப்பில் மற்றவர்கள் விழித்தார்கள், நான் ரசித்துக் கேட்டேன். காந்தம் எனக்குச் சொந்தக்காரன் அல்லவா?

அந்தப் பாடத்தை இப்போது யார் கேட்டாலும் இப்படிச் சொல்வேன். நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீருக்குள் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கு மேல் பலமான காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்தால், கூட்டத்தில் ஒரு சின்னப் பங்கு அதன் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். திரும்பிவிட்டுச் சும்மா நிற்காது, பம்பரம் தலையாட்டிச் சுற்றுவது மாதிரிச் சுற்றும். காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம் அந்தச் சுற்றுக்கு. எங்கள் மெஷினில் அது, எஃப்.எம். ரேடியோவில் பாட்டு வருகிற அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே. சரியாக அதே அலைவரிசையில் வெளியிலிருந்து ஒரு ரேடியோ அலையை அனுப்பினால், பம்பரங்கள் சேர்ந்து சாய்ந்து ஒரே தாளத்தில் சுற்றும். அலையை நிறுத்தினால் மெல்ல நிமிரும். நிமிரும்போது, வாங்கியதைத் தாங்களும் ஒரு ரேடியோ அலையாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த மெல்லிய பதிலைப் பிடித்துத்தான் படமாக்குகிறோம். கொழுப்பு சீக்கிரம் நிமிரும், தண்ணீருக்கு நேரமாகும். அதனால்தான் கண்ணும் மூளையும் எலும்பும் வேறு வேறு சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. பதில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, காந்தத்தை இடத்துக்கு இடம் துளி ஏற்றி இறக்குகிற சுருள்கள் தனியாக உண்டு. எல்லாரையும் பயமுறுத்துகிற அந்த ‘டம டம’ சத்தம் அவற்றினுடையது.

சத்தத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது சத்தமில்லாத இடத்துக்கு. குழாயின் நடுவில் காந்தம் ஒரே சீராக இருக்கிறது. சீராக இருக்கிற இடத்தில் அது இரும்பை எந்தப் பக்கமும் இழுக்காது, தன் திசைக்குத் திருப்பப் பார்க்கும், அவ்வளவுதான். இழுப்பது வாசலில். காந்தம் சட்டென்று ஏறுகிற, குழாயின் வாய்ப்பக்கம் உள்ள அந்த ஒரு முழத் தூரத்தில். உள்ளே போகிறவர் அதை ஒருமுறை கடக்க வேண்டும். வெளியே வர இன்னொரு முறை கடக்க வேண்டும்.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயதில் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தன. நரம்பு டாக்டர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். தங்கச்சி இருக்கிற இடம் இருக்கும்போது வேறெங்கே போவான்? காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் “அதோ, உள்ள கீதே, அது நம்ம தங்கச்சிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு வரவேண்டியவர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டதாக போன் வந்தது. கிடைத்த இடைவெளியில் அண்ணனை முடித்துவிடலாம் என்று கூப்பிட்டேன்.

படிவத்தைக் கவுன்ட்டரில் நின்றபடி நானே நிரப்பினேன். பேஸ்மேக்கர் இல்லை. ஆபரேஷன் இல்லை. எலும்பில் கம்பி இல்லை. கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா? இல்லை. எல்லாக் கட்டத்திலும் ஒரே வேகத்தில் டிக் அடித்தேன். என் அண்ணன், எனக்குத் தெரியாதா? அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரை மேலும் கீழும் ஓட்டினேன். அது சத்தம் போடவில்லை. அவ்வளவு சிறியதற்கு அது சத்தம் போடாது என்பதும் எனக்குத் தெரியும்.

“இன்னாமா, இதுக்குள்ளயே மாட்டிக்க மாட்டேனே?”

“மாட்டிக்கினா நான் இஸ்துக்கறேன். படுண்ணா.”

தலைக்குக் கூண்டு மாட்டி, அவசரத்துக்கு அமுக்குகிற ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தேன். மேஜை உள்ளே நகர்ந்தது. தலை குழாயின் வாயைத் தாண்டும்போது, “கண்ணு சுர்ருங்குது” என்றான். “லைட்டு. மூடிக்கோ” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டாவது முறையாக அவன் சொன்னதைக் கேட்காமல் விட்டேன்.

முதலில் எடுப்பது அளவு பார்க்கிற படம். அரை நிமிடம்கூட ஆகாது. திரையில் வலது கண் உருண்டையாக, ஒழுங்காக இருந்தது. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குழி. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு. கண்ணைச் சுற்றியிருந்த எலும்புகூட வளைந்து நெளிந்து தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பு என்றால் அங்கிருந்து பதில் வரவில்லை என்று பொருள். இரும்பு ஒரு துணுக்கு இருந்தாலும் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கெடுத்துவிடும். பக்கத்திலிருக்கிற பம்பரங்கள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றித் தாளம் தப்பிவிடும். துணுக்கு பாதி எள் என்றால் குழி நெல்லிக்காய் அளவு தெரியும். கண்மையிலும் இரும்பு இருக்கும், அதனாலும் இப்படி வரும். என் புத்தி உடனே அதைத்தான் பிடித்துக்கொண்டது. மையாக இருக்கும், மைதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மீசை நரைத்த கிரைண்டர் தொழிலாளி எதற்காகக் கண்ணுக்கு மை போடப் போகிறான்?

அப்போதுதான் மணிக்கட்டில் அந்தப் பிடி ஞாபகம் வந்தது. உள்ளாற இன்னாவோ இஸ்க்குதுடி. அந்தக் கண்ணுக்குள் அன்று ஏதோ இழுத்தது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் குழாய்க்குள் படுத்திருந்தான். மற்றவள் இல்லை என்று டிக் அடித்திருந்தாள்.

மைக்கைப் போட்டேன்.

“அண்ணா, ஆடாத. தலயத் திருப்பாத. கண்ணயும் ஆட்டாத. இதோ வர்றேன்.”

“இன்னா, முட்ஞ்சிச்சா?”

“முடியல. ஆடாத.”

எங்கள் சென்டர் டாக்டருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர், நடுவில் இருக்கிற வரைக்கும் இழுப்பு இல்லை, தலையைப் பிடித்துக்கொண்டு நேராக, மிக மெதுவாக வெளியே எடு என்றார். சுவரில் காந்தத்தைக் கொல்லுகிற சிவப்பு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஹீலியம் கொதித்துக் கூரை வழியாகப் போய்விடும், ஓரிரு நிமிடத்தில் காந்தம் சாகும், சென்டர் எத்தனையோ நாள் மூடிக் கிடக்கும். நான் அதைப் பார்த்தேன், அழுத்தவில்லை. மெதுவாக எடுப்பதுதான் சரி, பட்டனால் வேறு ஆபத்தும் உண்டு என்று பிற்பாடு விசாரித்த பெரிய டாக்டர்களும் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது வேலை போய்விடும் என்பதுதான். அதை இங்கே மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

உள்ளே போனேன். மெஷின் ‘சிக்… சிக்…’ என்றது. மேஜையை விடுவித்து ஒரு கையால் இழுத்தேன். இன்னொரு கையால், குழாய்க்குள் எட்டின மட்டும், அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். விரல் விரலாக நகர்த்தினேன். “மேல ஒரே எடத்தப் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் சொன்னபடி கேட்டான். சின்ன வயதில் காந்தத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பானே, அதே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். குழாயின் வாய்க்கு முகம் வந்தபோது அவன் கையிலிருந்த ரப்பர் பந்து நசுங்கி, கண்ட்ரோல் அறையில் மணி அடித்தது. அதை நிறுத்த அங்கே ஆளில்லை. அவன் கத்தவில்லை. “யம்மா” என்று ஒரு தடவை சொன்னான்.

வெளியே உட்காரவைத்தபோது இடது கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

“எண்ணூர் சிம்னிப் பொக கணக்கா இன்னாவோ எறங்குது” என்றான் அவன். “கறுப்பா. நூலு நூலா.”

அது கண்ணுக்குள் இறங்குகிற ரத்தம். கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்தோம். சில்லு இத்தனை வருடமாகக் கண்ணின் உட்சுவரில் பதிந்து, சதை மூடி, சாதுவாக இருந்திருக்கிறது. காந்தம் அதைப் பிடுங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கழன்று வந்த விழித்திரையை ஒட்டிப் பார்த்தார்கள், இரண்டு முறை. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. தலைவலிக்கு என்ன காரணம் என்று கேட்பீர்கள். ரத்தக் கொதிப்பு. தினம் ஒரு மாத்திரையில் நின்றுவிட்டது.

படிவத்தை நிரப்பியது நான்தான் என்று எங்கள் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் சென்டருக்கு வந்து, என் தங்கச்சி மேல் பிராது ஒன்றும் இல்லை என்று தானும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். என்னை வேலையில் வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் கேட்கிற கேள்வியை மாற்றிவிட்டேன். உலோகம் உண்டா என்று கேட்பதில்லை. “பட்டறையில நின்னிருக்கீங்களா? உளி அடிச்சிருக்கீங்களா? கண்ணுல தூள் எடுத்திருக்கீங்களா, எத்தால எடுத்தீங்க?” என்று கேட்கிறேன். தலையாட்டினால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இப்போது ஸ்கேன் எடுக்கிற வயது. எத்தனை பேர் வேறு சென்டர்களில் “ஒண்ணும் கெடையாதுமா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். மெஷின் பிடிப்பதில்லை, சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. போன மாதம் ஒரு சாயங்காலம் வலது கண்ணில், இருக்கிற ஒரே கண்ணில், நீர் வழிய வீட்டுக்கு வந்தான். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

“தூளுமா. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? அந்தக் காந்தம் இன்னும் அலமாரில கீதா, இன்னா?”

“வாய மூடிகினு வா.”

ஆட்டோ லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனது. அவனிடம் கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, அன்னிக்கி அந்தக் கேள்விய நான் ஒழுங்கா ஒன்னாண்ட கேட்டிருந்தா, கண்ணுல இரும்பு பட்டுச்சுன்னு சொல்லியிருப்ப இல்ல?”

அவன் யோசிக்கக்கூட இல்லை.

“இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். அதான் எல்லாத்தயும் நீயே எட்த்துட்டியே” என்றான். என்றுவிட்டு, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி, முகத்தைத் தூக்கி, நீர் வழிகிற அந்தக் கண்ணை எனக்கு முன்னால் அகலத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான்.